ரெண்டு கோடும் ஒரே கலர்ல தெரிஞ்ச கதை: ஒரு பங்காளி மீட்டிங்கும் ஸ்க்ரீன் ஷேரும்

காரைக்குடில நான் ப்ரொஜெக்டர், சவுண்டு, சிசிடிவி வேலை பாக்குறேன், கல்யாணத்துக்கு லைவ் ஓட்டுறதும் அறுபதாம் கல்யாண சாந்திக்கு எல்இடி ஸ்க்ரீன் கட்டுறதும்தான் பெரும்பாலும் பொழப்பு. இது அந்த மாதிரி வேலை இல்ல. பக்கத்து ஊர்ல ஒரு பெரிய வீடு, நாலு பங்காளிக்கு பொது, மழைக்கு மேல்தளம் ஒழுகுது, வளவுல, அதான் நடு முற்றத்த சுத்தி இருக்க எடத்துல, ரெண்டு மரத்தூணு அடியில ஊறி இருக்கு, யாரு எந்த எடத்த சரி பண்றதுன்னு பேசி முடிக்கணும், ஆனா நாலு பேரும் நாலு ஊர்ல. ஊர்ல இருக்குறது ஐயா மட்டும்தான். ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் சிங்கப்பூர், நாலாவது பங்கு சென்னையில இருக்க ஆச்சியோடது. கோலாலம்பூர் அண்ணனோட தம்பி பினாங்குல இருந்து போன்ல கேட்டுக்குவாக.

என்னைய கூப்புட்டது "வீடியோ கால் போட்டு விடு தம்பி"ன்னு. சரி, அரை நாள் வேலைன்னு நெனச்சுட்டு போனேன். அந்த மீட்டிங் ஊத்திக்கிச்சு, ஏன் ஊத்திக்கிச்சுன்னு கண்டுபுடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு, அதத்தான் முழுசா எழுதுறேன், ஏன்னா முகம் தெரியுறதுக்கும் காயிதம் தெரியுறதுக்கும் உள்ளுக்குள்ள எவ்வளவு வித்தியாசம்னு எனக்கே அன்னைக்குத்தான் ஒறச்சது.

மொத மீட்டிங்ல என்ன நடந்துச்சு

ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் மணிக்கு காலையில 10. மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அவுகளுக்கு பன்னெண்டரை, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுறலாம்னு கணக்கு. இன்ஜினியர் தன்னோட லேப்டாப்ப கொண்டு வந்தாரு, அதுல வீட்டு பிளான் பிடிஎஃப், முகப்புல இருந்து வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு வரைக்கும் ஒரே பக்கத்துல. நாலு பங்குக்கு நாலு கலர்ல கோடு. ஐயா பங்கு செகப்பு, கோலாலம்பூர் பங்கு கரும்பச்சை, அந்த ரெண்டு கோடும் வளவுல ஒரு தூணுகிட்ட ஒட்டிக்கிட்டே ஓடுது. பிரச்சனையே அந்தத் தூணுதான்.

மொதல்ல ஒழுகுற எடத்த எடுத்த வீடியோவ ஓட்டிக் காட்டுனோம். ஸ்க்ரீன் ஷேர் பண்றப்ப வீடியோவுக்கு ஏத்த மாதிரி அனுப்பவான்னு ஒரு டிக் கேக்கும்ல, அத நான் தான் போட்டேன். வீடியோ நல்லா ஓடுச்சு. அடுத்து அப்புடியே பிளானுக்கு மாறுனோம்.

அங்க புடிச்சது சனி. கோலாலம்பூர் அண்ணன் "என்னப்பா ஒண்ணும் தெரியல, எழுத்தெல்லாம் கொழகொழன்னு இருக்கு"ன்னாக. இன்ஜினியர் ஜூம் பண்ணாரு, இன்னும் ஜூம் பண்ணாரு, மவுஸ வச்சு சுத்தி சுத்தி காட்டுனாரு, அவரு ஆட்ட ஆட்ட இன்னும் மோசமாச்சு. சிங்கப்பூர்ல லேப்டாப்ல இருந்தவுக "எழுத்து தெரியுது, ஆனா எது யார் கோடு? ரெண்டும் காவிக்கலரா இருக்கே"ன்னாக. பினாங்கு போன் விழுந்து விழுந்து ஏந்திரிக்குது, ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் படம் ஒரு செகண்டு கட்டம் கட்டமா போகுது. நடுவுல ஆச்சியோட பேரன் பழைய போட்டோ ஒண்ணு காட்டுறேன்னு அவன் ஷேர அமுக்குனான், பிளான் காணாம போச்சு. ஐயா பல்லக் கடிச்சுக்கிட்டு, "அந்தக் காலத்துல ரங்கூன்ல இருந்து கடுதாசி போட்டு பாகம் பிரிச்சாக, இத விட வெரசா முடிஞ்சுச்சு"ன்னு எந்திரிச்சு போயிட்டாக.

எனக்கு அவமானமா போச்சு. காசு வாங்கல.

முகம் வேற, காயிதம் வேற

மீட்டிங்ல ரெண்டு படம் ஓடுது, ஒண்ணு நம்ம முகம், ஒண்ணு நாம காட்டுற பொருள். பாக்க ரெண்டும் வீடியோ தான், தேவை ரெண்டுக்கும் தலைகீழ். முகத்துக்கு அசைவு வேணும், செகண்டுக்கு 30 ஃப்ரேம் ஓடணும், கொஞ்சம் மங்குனா ஒண்ணும் குடி முழுகாது, மீசை முடிய எண்ணப் போறது இல்ல. காயிதத்துக்கு அசைவே வேணாம், 5 ஃப்ரேம் கூட தாராளம், ஆனா ஒரு புள்ளி கொறையக் கூடாது, 3 அடியா 8 அடியான்னு தெரியணும்ல.

ஒரு 1080 படத்துல 20,73,600 புள்ளி. ஒரு புள்ளிக்கு 24 பிட்டு, செகண்டுக்கு 30 ஃப்ரேம்னு அமுக்காம அனுப்புனா கிட்டத்தட்ட 1.49 ஜிபிபிஎஸ், அதாவது 1,490 எம்பிபிஎஸ், நம்ம கையில இருக்குறது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு எம்பிபிஎஸ். அதனால எதையாவது விட்டுக்குடுத்துத்தான் ஆகணும். எத விடுறதுங்கிறதுதான் கேள்வியே. நெட்டு கொறஞ்சா முகத்துக்கு புள்ளிய விட்டுட்டு வேகத்த புடிச்சுக்கணும், காயிதத்துக்கு வேகத்த விட்டுட்டு புள்ளிய புடிச்சுக்கணும். பிரவுசர்ல வீடியோ கால் ஓட்டுற வெப்ஆர்டிசிங்கிற மொறையில இதுக்குன்னே கன்டென்ட் ஹின்ட்னு ஒரு குறிப்பு இருக்கு, மோஷன், டீட்டெயில், டெக்ஸ்ட்னு எது முக்கியம்னு, படத்த அமுக்குற என்கோடர்கிட்ட சொல்லி வைக்கிறது. நான் போட்ட அந்த டிக்கும் அதே வேலைதான் செய்யுது, "இது ஓடுற படம், வேகத்த விடாத"ன்னு சொல்லிருச்சு. வீடியோ முடிஞ்சதும் அத எடுக்க மறந்துட்டேன். அசையாம நிக்கிற பிளான அது செகண்டுக்கு 30 தடவ அனுப்ப பாத்து, பத்தாத நெட்டுல புள்ளிய சுருக்கிருச்சு. இது மொத குத்தம், முழுக்க என் குத்தம்.

இன்ஜினியர் குத்தமும் ஒண்ணு உண்டு, அவருகிட்ட சொன்னப்ப ஒத்துக்கல. நின்ன படம் ஒண்ணு போச்சுன்னா மொதல்ல மங்கலா வரும், அப்புறம் ரெண்டு மூணு செகண்டுல மிச்சம் மீதி விவரத்தையும் அனுப்பி படம் கூர்மையாயிரும். அந்த ரெண்டு மூணு செகண்டு சும்மா இருக்கணும். இவரு ஜூம், ஸ்க்ரோல்னு ஆட்டிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு தடவையும் முழுப் படமும் புதுசு, தெளியறதுக்குள்ள அடுத்தது. குட்டையில மண்ணு அடங்குறதுக்குள்ள மறுபடியும் கால விட்டு கலக்குன கதை.

பினாங்கு போனும் அதே மாதிரித்தான். புதுசா ஒருத்தர் உள்ள வந்தா அவருக்கு பாதியில இருந்து படம் புரியாது, முழு ஃப்ரேம் ஒண்ணு வேணும், கீஃப்ரேம்பாங்க. அத அவரு பக்கம் கேட்டா அனுப்புற லேப்டாப் புதுசா ஒண்ணு போட்டு விடணும், அது மத்த ஃப்ரேம விட ரொம்ப பெருசு, இருக்குற கொஞ்ச நெட்டும் அதுக்கே போயிரும். அவுக ஆறேழு தடவ விழுந்து ஏந்திரிச்சாக, ஆறேழு தடவையும் எல்லாருக்கும் படம் ஒடஞ்சுச்சு.

கோலாலம்பூர்ல ஒரு கறுப்பு டிவி

இதெல்லாம் சரி பண்ணாலும் கோலாலம்பூர் அண்ணனுக்கு மட்டும் ஏன் எல்லாரையும் விட மோசம்? சிங்கப்பூர்காரவுக எழுத்து தெரியுதுன்னாகளே. ரெண்டு நாள் இதுல மண்டைய ஒடச்சேன். அண்ணன் தன்னோட கம்பெனி மீட்டிங் ரூம்ல இருந்து வந்தாக, லேப்டாப் இல்ல, செவுத்துல மாட்டுன பழைய மீட்டிங் பொட்டி, அதுக்கு ரெண்டு டிவி. வாட்ஸப்ல பேசிக்கிட்டு இருக்கப்ப சும்மா கேட்டேன், ரெண்டு டிவியிலயும் படம் வந்துச்சாண்ணேன்னு. "ஒண்ணுல எல்லாம் வந்துச்சுப்பா, இன்னொண்ணு ஆரம்பத்துல இருந்தே கறுப்பாத்தான் இருந்துச்சு"ன்னாக.

அவ்வளவுதான், புரிஞ்சு போச்சு. இத மொதல்லயே சொல்லிருந்தா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் மிச்சம்.

அந்த மாதிரி பொட்டிங்க நம்ம போன்ல, லேப்டாப்ல இருக்க மீட்டிங் ஆப்பு (app) வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பொறந்ததுங்க. ஒரே கால்ல ரெண்டாவதா ஒரு படத்த அனுப்புற வித்தைய மொதல்ல கம்பெனி கம்பெனியா தனித்தனியா வச்சிருந்தாக, டேன்ட்பெர்க் டியோவீடியோன்னு ஒண்ணு, பாலிகாம் பீப்பிள் ப்ளஸ் கன்டென்ட்னு ஒண்ணு, ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது. 2003ல ஐடியு-டிங்கிற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு ஹெச்.239ன்னு பொதுவா ஒரு விதி போட்டுச்சு, ஹெச்.323ங்கிற பழைய மொறை வீடியோ கால்ல முகம் ஒரு சேனல், ப்ரெசன்டேஷன் இன்னொரு சேனல். சிப் (SIP)னு இன்னொரு கால் மொறை வழியா பேசுற பொட்டிகளுக்கு அதே வேலைக்கு பிஎஃப்சிபின்னு ஒண்ணு, 2006ல ஆர்எஃப்சி 4582ங்கிற இன்டர்நெட் விதியா வந்துச்சு, 2021ல திருத்தி 8855ன்னு போட்டுருக்காக. அதுக்கும் முன்னாடி 1996ல வந்த மைக்ரோசாஃப்ட் நெட்மீட்டிங் காலத்துல டி.120ங்கிற விதிக் குடும்பம், அதுல படமாவே அனுப்பல, இங்க ஒரு கட்டம் வரை, இங்க இந்த எழுத்த எழுதுன்னு வரையிற கட்டளைய அனுப்பும், அதனால எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கும். நம்ம ரிமோட் டெஸ்க்டாப்போட ஆர்டிபி அந்த வம்சம்தான்.

ஹெச்.239 விதியில எனக்கு ரொம்ப புடிச்சது டோக்கன். ப்ரெசன்டேஷன் சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் காட்ட முடியும், காட்டணும்னா டோக்கன் கேட்டு வாங்கணும், கெடச்சா காட்டலாம், முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். இந்த வீட்டு சாவிக்கும் அதே மொறைதான், வருஷத்துக்கு ஒரு பங்காளி கையில, அடுத்தவுக வந்தா எழுதி வாங்கிட்டு குடுக்கணும். ஆச்சி பேரன் செஞ்சது கையில இருந்து சாவிய புடுங்குன வேலை. நம்ம ஆப்புல யாரு ஷேர அமுக்குனாலும் முன்னாடி காட்டுனவர தள்ளிவிடுற மாதிரி செட்டிங் இருந்துச்சு. ஹோஸ்ட் மட்டும்னு மாத்துனா தீந்துச்சு.

கோலாலம்பூருக்கு வர்றேன். பொட்டி சிப்ல டயல் பண்ணி, பழைய பொட்டிய நம்ம ஆப்போட கோக்குற மீட்டிங் கேட்வேக்குள்ள வருது. கேட்வே ரெண்டாவது சேனல் உனக்கு வேணுமான்னு கேக்கும், பொட்டி ஆமான்னா பிளான தனியா அனுப்பும், பதில் வரலைன்னா வேற வழி இல்லாம முகத்தையும் பிளானையும் ஒரே படமா ஒட்டி மெயின் வீடியோவாவே தள்ளிரும். அண்ணன் ரூம்ல அதான் நடந்துச்சு. ஒட்டுன படம் முகத்துக்கான கணக்குல அமுக்கப்பட்டு, ஏற்கனவே நான் சுருக்கி அனுப்பின பிளான், அதுல ஒரு ஓரம் எல்லா முகத்துக்கும் போக மிச்ச எடத்துல. ரெண்டாவது டிவி ப்ரெசன்டேஷனுக்குன்னு காத்துக்கிட்டே கறுப்பா நின்னுச்சு. அவுக ஆபீஸ் ஐடி பையன் கிட்ட பேசுனேன், தமிழ்ப் பையன்தான், மலேசியத் தமிழ்ல "ஓகே லா பாக்குறேன்"னான், பொட்டி செட்டிங்ல பிஎஃப்சிபி ஆஃப்ல கெடந்துச்சாம், எதுக்கு யாரு ஆஃப் பண்ணாங்கன்னு அவனுக்கும் தெரியல. ஆன் பண்ணிட்டு டெஸ்ட் கால் போட்டோம், ரெண்டாவது டிவி எரிஞ்சுச்சு.

பொட்டிக்கு பேண்ட்விட்த்தயும் பாக்கச் சொன்னேன். ஒரு காலுக்குன்னு 768 கேபிபிஎஸ் தான் வச்சிருந்தாக, அதுக்குள்ள பாதிப் பாதியா பிரிஞ்சா முகத்துக்கு 384, காயிதத்துக்கு 384. ரெண்டாவது சேனல் தொறந்தா நெட்டு தானா கூடாது, அதே கஞ்சியத்தான் ரெண்டு தட்டுல ஊத்தும். 2 எம்பிபிஎஸ்ஸா ஏத்திவிட்டான்.

காவிக்கலர் கோடு

சிங்கப்பூர்காரவுக சொன்ன காவிக்கலரு தான் என்னைய ரொம்ப சுத்த விட்டது. எழுத்து தெரியுது, கலரு தப்பு. மொதல்ல அவுக லேப்டாப் ஸ்க்ரீன்ல கோளாறுன்னு நெனச்சேன், சென்னையிலயும் அதேதான்னு ஆச்சி சொன்னாக.

காரணம், வீடியோவ அமுக்குறப்ப வெளிச்சத்த ஒவ்வொரு புள்ளிக்கும் வச்சுக்குவாக, கலர நாலு புள்ளிக்கு ஒண்ணா வச்சுக்குவாக, 4:2:0ன்னு பேரு. மனுஷக் கண்ணு வெளிச்சத்த கூர்மையா பாக்கும், கலர அவ்வளவு கூர்மையா பாக்காது, அதனால முகத்துல இது தெரியவே தெரியாது, டிவி, யூட்யூப் எல்லாம் பெரும்பாலும் இப்புடித்தான். ஆனா ஒரு புள்ளி அகலத்துல செகப்புக் கோடு, பக்கத்துல ஒரு புள்ளி அகலத்துல கரும்பச்சை கோடுன்னா நாலு புள்ளிக்கும் சேத்து ஒரே கலரு, செகப்பும் பச்சையும் கலந்து ஒரு காவி. ரெண்டுக்கும் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கிறதால அதுவும் காப்பாத்தல. இதுல இன்ஜினியர் லேப்டாப் 1366க்கு 768 ஸ்க்ரீன், அதுல இருந்து போற படத்துல கலருக்கு உள்ள கட்டம் 683க்கு 384 தான், அதுலதான் மொத்த வீடும். யோசிச்சுப் பாருங்க, எந்தத் தூணு யார் பங்குன்னு சண்ட போட ரெண்டு வீட்டுக்காரவுக உக்காந்துருக்காக, நடுவுல இருக்க மெஷினு ரெண்டு பேர் கோட்டையும் கலந்து ஒரே கோடா காட்டுது. சிரிப்பு வந்துச்சு, பயமாவும் இருந்துச்சு.

கலர சுருக்காம 4:4:4ன்னு முழுசா அனுப்புற வழியும் இருக்கு, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்ல ஏவிசி 444ன்னு ஒண்ணு இதுக்குன்னே வச்சிருக்காக. வீடியோவ அமுக்குற புது மொறைகள்ல ஹெச்இவிசில 2016ல ஸ்க்ரீன் கன்டென்ட்டுக்குன்னு தனியா சேத்தாக, ஏவி1லயும் இருக்கு, ஒரே எழுத்து பக்கத்துல பத்து தடவ வந்தா முன்னாடி வந்தத பாத்து காப்பி அடிச்சுக்கோன்னு சொல்ற வித்தை, கொஞ்சக் கலருன்னா ஒரு சின்ன கலர்த்தட்ட அனுப்பி நம்பர மட்டும் குறிக்கிற வித்தை. நல்ல சரக்குதான், ஆனா அஞ்சு ஊர்ல அஞ்சு பொட்டி, ஒண்ணுல இல்லன்னாலும் எல்லாரும் பழசுக்கு எறங்கி வரணும். அதனால மெஷின மாத்தாம பிளான மாத்துனோம்.

என்ன மாத்துனோம்

ஒரு பக்கத்துல இருந்த வீட்ட கட்டு வாரியா நாலு பக்கமா பிரிச்சோம். ஒவ்வொண்ணும் சரியா 1920க்கு 1080 படம், என்னோட 1080 ஸ்க்ரீன் லேப்டாப்ல முழு ஸ்க்ரீன்ல, ஜூமே கெடையாது. கோடு ஒவ்வொண்ணும் ஆறு புள்ளி அகலம். ஐயா பங்கு முழுக்கோடு, கோலாலம்பூர் பங்கு வெட்டு வெட்டா, சிங்கப்பூர் புள்ளி புள்ளியா, ஆச்சி பங்குக்கு ரெட்டக்கோடு. கலரும் இருக்கு, ஆனா கலர நம்பி இல்ல. ரூமுக்கு உள்ள பெரிய நம்பர். இன்ஜினியர்கிட்ட மவுஸத் தொடாதீகன்னு சொல்லி, நான் பக்கத்த மாத்திட்டு மூணு வரைக்கும் எண்ணுன அப்புறம் தான் பேச ஆரம்பிக்கணும்னு ஒப்பந்தம். வீடியோவ தனியா வாட்ஸப்ல முன்னாடியே அனுப்பியாச்சு, டிக் பக்கமே போகல.

நெட்டு இன்னொரு தலவலி. இந்த வீட்டு செவுரு பத்தி சொல்லணுமா, வைஃபை முகப்புல இருந்தா வளவுக்கு வராது. மொத மீட்டிங் போன் ஹாட்ஸ்பாட்ல ஓடுச்சு, வளவுல நான் அளந்தப்ப மேல போற வேகம் அரை எம்பிபிஎஸ்ஸத் தொடல, அதே போன் முகப்புத் திண்ணையில 4 காட்டுச்சு. ரூட்டர திண்ணையில வச்சு, அங்க இருந்து கேட்6 கேபிள் நடைபாத ஓரமா வளவுக்கு. ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஐயா கண்டிசன், அந்தப் பழைய செவுத்துப் பூச்சுல ஒரு கீறல் விழுந்தா சரி பண்ண இன்னைக்கு ஆளு கெடைக்கிறது கஷ்டம், அதனால டேப்பு கூட ஒட்டாம தரையில பாய்க்கு அடியில ஓட்டுனேன். பினாங்குக்கு வீடியோ வேணாம், குரல் மட்டும், பிளான் காயிதமா கூரியர்ல.

இன்ஜினியர் ஒடஞ்ச ஆத்தங்குடி தரைக்கல்லுக்கு மாத்து கலர் போட்டோவும் ஷேர்ல காட்டலாம்னாரு. வேணவே வேணாம்னுட்டேன். கண்ணாடி மேல கலர் சிமெண்ட கையால ஊத்தி எடுக்குற கல்லு அது, ஒரு கல்லுக்கு ஒரு கல்லு சாயல் மாறும், அதப் போயி நாலு புள்ளிக்கு ஒரு கலருன்னு அனுப்பி, நாலு வேற ஸ்க்ரீன்ல பாத்து, சம்மதம் வாங்குறதா? ஒரு கல்ல பார்சல் பண்ணுங்கன்னேன், பண்ணாக.

ரெண்டாவது மீட்டிங்

மூணு வாரம் கழிச்சு, அதே ஞாயிறு, அதே 10 மணி. வளவு எதிரொலிக்கும்னு ஐயாவுக்கு காலர் மைக் மாட்டிவிட்டேன், அவுகளுக்கு அது புடிக்கல, ஆனா குரல் சுத்தமா போச்சு. மொத பக்கம் போட்டேன், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுனேன். "ஆங், தெரியுது தெரியுது"ன்னு கோலாலம்பூர். ஆச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரூம் நம்பர ஒவ்வொண்ணா வாசிச்சாக, "ஏழு எங்க ஆத்தா படுத்திருந்த அறைதானே"ன்னு கேட்டாக, ஐயா ஆமான்னாக, கொஞ்ச நேரம் யாரும் பேசல.

வளவு பக்கம் வந்தப்ப கோலாலம்பூர் அண்ணன் எந்திரிச்சு ரெண்டாவது டிவிகிட்ட போயி, வெட்டுக்கோட்டு மேல வெரல வச்சாக. அங்க இருந்த கேமராவுல அவுக முதுகு மட்டும் தெரியுது.

"இந்தத் தூணு கோட்டுக்கு இந்தப் பக்கம்ல இருக்கு. அப்ப என்னோடது."

"ஒன்னோடதுன்னா செலவும் ஒன்னோடதுதானடா"ன்னாக ஐயா.

நான் பக்கத்த மாத்தாம அப்புடியே விட்டுட்டு ரெண்டாங்கட்டுப் பக்கம் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தப்பவும் தூணுலதான் இருந்தாக, ஆனா யாரும் தெரியலன்னு சொல்லல. பாய்க்கு அடியில கேபிள் இன்னும் அங்கதான் கெடக்கு, அடுத்த மாசம் மேல்தளக் கணக்கு இருக்காம், கழட்டாதன்னுட்டாக.